காற்றும் கதவும்

கோயமுத்தூர்வாசிகளுக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. வெளியூர்ச் சிநேகிதர் யாராவது வந்து இறங்கினால், அவர் கைப்பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "எங்கள் ஊர்க் காற்றைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிடுவார்கள். சிறுவாணித் தண்ணீரைப் பற்றிய பெருமை அதற்கு அடுத்தபடிதான். இந்தக் கர்வத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் பிறந்தது இந்தக் கொங்குச் சீமையில். இருபது வருஷங்களுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்து வருவதும் இந்தச் சீமையில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய பாடம் வரும் தினத்தில் நம்முடைய குரல் தானாகவே ஒரு கட்டை உயர்ந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்லக் கேள்வி.

படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நெடுஞ்சுவர் போல் நிற்கும் அந்த மலைத்தொடரில், இவ்விரண்டுக்கும் நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய வாசல் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையில் பெரும் பகுதியை மலையாள நாட்டில் இறக்கிவிட்டு, சுமை குறைந்த கூலியாளைப் போல் அந்த வாசல் வழியாக நம் பக்கம் ஓடி வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் போகிறவர்கள் காடு முழுவதும் காற்றாலைகள் நின்று சுழல்வதைக் காணலாம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பழமொழி சொல்லிக்கொண்டே நம்மவர்கள் அந்தக் காற்றை மின்சாரமாக்கி விற்கிறார்கள். ஆகவே, காற்று என்றால் இங்கே யாருக்கும் அவ்வளவாகப் பயம் கிடையாது. புயல் என்பது கடற்கரைக்காரர்களுக்கு நேரும் கஷ்டம், பத்திரிகையில் படித்து, "அடடா!" என்று சொல்ல வேண்டிய விஷயம்.

வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் இந்தத் தைரியத்தைச் சோதித்துப் பார்க்கிறது. பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரையில் உள்ள கோடைக்காலம் அது. காலையிலிருந்து பூமி காய்கிறது. பிற்பகலில் மலை முகட்டின் மேல் மேகம் ஏறுகிறது. அரை மணி நேரம் இடியும் மழையும். அதற்கு முன்னால் நாலைந்து நிமிஷம் காற்று. அந்த நாலைந்து நிமிஷத்துக்குள், தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கத்திலோ, மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்திலோ, கோபி, சத்தியமங்கலம் பக்கத்திலோ, ஒரு குடியானவருடைய ஒரு வருஷ உழைப்பு மண்ணில் சாய்ந்துவிடுகிறது.

வாழையை மரம் என்று நாம் மரியாதைக்காகச் சொல்லுகிறோம். அதன் தண்டில் கட்டை என்பதே கிடையாது. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தூண்போல் நிற்கின்றன, அவ்வளவுதான். உச்சியில் தார் கனக்கக் கனக்க அது தள்ளாடும் கிழவரைப் போல் ஆகிறது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துத்தான் அதை நிறுத்தி வைக்க வேண்டும். கன்று நட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்து, நேந்திரனும் கதளியும் வெட்டுக்கு வரும் சமயத்தில், பல தோட்டங்களில் இந்தக் கோடைக் காற்றும் வந்து சேருகிறது. மறுநாள் பத்திரிகையில், "சூறாவளிக் காற்று, ஆயிரக்கணக்கான வாழைகள் நாசம்" என்று நாலு வரிச் செய்தி வெளியாகிறது. வாழை விழுந்த கணக்கு வருகிறதே, வீட்டுக்குள் இருந்தவர்கள் அந்த நாலைந்து நிமிஷத்தை எப்படிக் கழித்தார்கள் என்ற விவரம் அதில் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி வரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. அப்புறம் வெள்ளியங்கிரி மலைக்கு மேல் மேகம் திரண்டது. கோடை மேகம் புதிதல்ல. ஆனால் அன்று அதன் அடிப்பாகம் மை பூசினாற்போல் இருந்தது. தென்னையில் ஒரு கீற்று அசையவில்லை. நம் தாயாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். வானிலை இலாகாவின் அறிக்கையைவிடத் தம் முழங்கால் வலியிடம் அவருக்கு நம்பிக்கை அதிகம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, "காத்து வருது. ஜன்னலையெல்லாம் சாத்துங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. குளிர்ந்த காற்று ஒன்று புழுதி வாசனையுடன் முகத்தில் அடித்தது.

நம்முடைய வீடு பழைய ஓட்டு வீடு. முன்னால் ஆசாரம்; பின்னால் சமையற்கட்டு; இரண்டுக்கும் சீமையோடு. நடுவில் மட்டும் நம் தகப்பனார் காலத்தில் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய ஓர் அறை இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி, ஜன்னல் கிடையாது. தேங்காயும் நிலக்கடலையும் போட்டு வைப்பதற்காகக் கட்டிய அந்த அறையை, "வீட்டுக்குள் ஒரு ஜெயில்" என்று உறவினர்கள் கேலி செய்வதுண்டு. அன்று தாயார் நேரே அந்த ஜெயிலைத்தான் கை காட்டினார். பிறகு, நாம் எதிர்பாராத விதமாகப் பின்பக்கம் நடந்தார். நம் பக்கத்தில் பொடக்காளி என்பார்களே, அந்தப் புழக்கடைக்கு அப்பால், சந்தில், ஒரு தோட்டத் தொழிலாளியின் வீடு இருக்கிறது. செங்கல் சுவர், சிமெண்டு ஷீட் கூரை, ஷீட் பறக்காமல் இருப்பதற்காக மேலே வரிசையாகக் கருங்கற்கள். தொழிலாளி வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய மனைவியும், வயதான மாமியாரும், இரண்டு குழந்தைகளும், ஒரு வெள்ளாடும் இருந்தன.

"அம்மிணி! குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு இங்கே வா" என்று தாயார் குரல் கொடுத்தார்.

"இருக்கட்டுங்க ஆத்தா. இப்போ நின்னு போயிருங்க" என்று பதில் வந்தது.

தாயார் நகரவில்லை. "காத்து நின்னப்புறம் மரியாதை பாத்துக்கலாம். ஆட்டையும் ஓட்டிக்கிட்டு உள்ளே வா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு மறுப்பதற்கு நம் ஊரில் யாருக்கும் துணிவு இல்லை.

ஒன்பது பேரும் ஓர் ஆடும் அந்தச் சிறிய அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினோம். மின்சாரம் போயிற்று. ஜல்லி ஏற்றிய பத்து லாரிகள் கூரையின் மேல் ஒன்றாக ஓடுவது போன்ற சத்தம். ஆசாரத்தில் ஓடுகள் விழுந்து நொறுங்குவது கேட்டது. வெளியே ஏதோ பெரிதாக முறிந்தது. கதவு தாழ்ப்பாளோடு சேர்ந்து நடுங்கிற்று; நாமும் மேல்வீட்டுப் பிள்ளையாண்டானும் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கினோம். குழந்தைகளைச் சுவர் ஓரமாக உட்கார வைத்து, தலைக்குமேல் சாக்குகளை மடித்துப் போட்டிருந்தாள் நம் மனைவி. மாமியார்க் கிழவி அத்தனை தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிட்டார். ஆடு மட்டும் கலவரமின்றி நிலக்கடலை மூட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தது. சத்தம் ஓய்ந்தபின் கடிகாரத்தைப் பார்த்தால், எல்லாம் ஆறே நிமிஷம்!

மேல்வீட்டுப் பிள்ளையாண்டான் என்றது நம்முடைய மூத்த குமாரனைத்தான். ஓட்டு வீட்டுக்கு மேல் பரணில் ஏறிப் படிப்பதனால் வீட்டில் அவனுக்கு அந்தப் பட்டம்.

இடியும் மழையும் அடங்க இன்னும் அரை மணி ஆயிற்று. அதுவரையில் யாரையும் வெளியே விடவில்லை. வந்து பார்த்தபோது ஒரு தென்னை இடையில் முறிந்து கிடந்தது. சந்தில் மின்சாரக் கம்பி அறுந்து தொங்கியது. அந்தப் பக்கம் யாரும் போகாதபடி இருபுறமும் ஆள் நிறுத்திவிட்டு, மின்வாரியத்துக்குச் செய்தி அனுப்பினோம். பக்கத்து வீட்டில் கூரை பாதி இல்லை. இரண்டு ஷீட்டுகள் வாழைத் தோட்டத்தில் கிடந்தன. மூன்றாவது ஷீட் உடைந்து வீட்டுக்குள்ளேயே விழுந்திருந்தது. பறக்காமல் இருப்பதற்காக அதன் மேல் வைத்திருந்த கருங்கல், குழந்தைகள் பகலில் படுத்துக்கொள்ளும் பாயின் நடுவில் கிடந்தது. அந்தத் தாய் பாயையும் கல்லையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றும் பேசாமல் கல்லை உருட்டி வெளியே தள்ளினாள்.

அன்று இரவு நம் குமாரத்தி ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, வந்தது புயலா, சூறாவளியா, வெறும் காற்றா?"

உபாத்தியாயர் வீட்டில் பிறந்த குழந்தை. வேறு எப்படிக் கேட்கும்? கேள்வி நியாயமானதுதான். நம் பத்திரிகைகள் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி விடுகின்றன. புயல் என்பது கடலில் பிறப்பது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உடையது. பல நாள் வாழ்வது. ஆகவே அதைத் தூரத்திலேயே கண்டு, பெயர் வைத்து, பாதை குறித்து, முன்னெச்சரிக்கை செய்ய முடிகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லே நம் கல்கத்தாவில், ஹென்றி பிடிங்டன் என்பவரால், 1848-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்ததுதான். 'டொர்னாடோ' எனப்படும் சுழற்காற்று வேறு ஜாதி. அது இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை போலத் தரைக்கு இறங்குகிறது. அகலம் அநேகமாகச் சில நூறு மீட்டருக்குள். ஆயுள் அநேகமாகச் சில நிமிஷங்கள். அதன் பாதையில் அகப்பட்ட வீடு தரைமட்டமாகலாம். அடுத்த தெருவில் கொடியில் உலர்த்திய துணி அப்படியே இருக்கலாம். கோடைப் பகலில் மைதானத்தில் காகிதத்தையும் சருகையும் சுருட்டிக்கொண்டு எழுகிறதே, அது இதற்கு உறவே இல்லை. அது சூடேறிய தரையிலிருந்து மேலே கிளம்பும் புழுதிச் சுழல். அதற்கு மேகம் வேண்டியதில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று, பிடி விட்ட சுமை போலக் கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. இதைத் தனியாகப் பிரித்துக் கண்டுபிடித்தவர் தெத்ஸுயா பூஜிதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. இவருடைய கதை விசேஷமானது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி அமெரிக்க விமானம் இரண்டாவது அணுகுண்டைப் போட எண்ணிய நகரம் கொக்குரா. அங்கே மேகமும் புகையும் மறைத்ததனால் விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. அச்சமயம் கொக்குரா பகுதியில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்தான் பூஜிதா. மேகத்தால் உயிர் தப்பியவர் மேகத்தின் இரகசியங்களையே ஆராயப் போனார்! குண்டு விழுந்த நகரங்களுக்குச் சென்று அவர் பார்த்தபோது, மரங்கள் ஒரு மையத்திலிருந்து நட்சத்திரக் கதிர்கள் போல் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. பின்னர் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1974-ஆம் ஆண்டின் பெருஞ்சூறைகளுக்குப் பிறகு விமானத்திலிருந்து விழுந்த காடுகளைப் பார்த்தார். அதே நட்சத்திரக் கோலம் கண்ணில் பட்டது. சுழற்காற்றானால் மரங்கள் சுழன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். மேலிருந்து விழுந்த காற்றானால் விசிறிபோல் விரிந்து கிடக்கும். சுழற்காற்றுகளின் பலத்தை அளக்க 1971-இல் அவர் வகுத்த அளவுகோல் இன்றைக்கும் திருத்திய வடிவில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நாமும் இந்தப் பரீட்சையைச் செய்து பார்த்தோம். திங்கட்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு, தோட்டக்காரரிடம் அனுமதி பெற்று, திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமுமாக விழுந்த வாழைகளுக்கிடையே நடந்தோம். தோட்டத்தின் நடுவில் வாழைகள் கிழக்கே தலை வைத்துக் கிடந்தன, வடகோடியில் வடகிழக்கே, தென்கோடியில் தென்கிழக்கே. நல்ல விசிறி! சுழற்காற்று அல்ல என்று பிள்ளைகள் தீர்ப்பு எழுதினார்கள். தோட்டக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "பேரு எதுவா இருந்தா என்னங்க, தார் போச்சுங்களே" என்றார். அவர் சொன்னதற்கு நம் நோட்டுப் புத்தகத்தில் பதில் இல்லை.

உண்மையான சுழற்காற்று நம் தேசத்துக்கு வராததல்ல. 1978-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ந் தேதி டில்லி மாநகரின் வடபகுதியில், பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஒரு சுழற்காற்று சில நிமிஷங்கள் ஆடிவிட்டுப் போயிற்று. சுமார் 30 பேர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றார்கள். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி மேற்கு வங்காளத்தில் ஜல்பாய்குரி, மைனாகுரிப் பக்கத்தில் அதே போன்ற காற்று நூற்றுக்கணக்கான வீடுகளைக் கலைத்து உயிர்ப்பலியும் வாங்கிற்று. எல்லாவற்றிலும் கொடியது 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி வங்காள தேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா என்னும் ஊர்களில் வீசியது. அதில் மாண்டவர்கள் சுமார் 1,300 பேர். உலகத்தில் கணக்குக் கிடைத்துள்ள சுழற்காற்றுகளில் இத்தனை உயிரைக் கொண்டது வேறொன்றில்லை. அமெரிக்காவில்தான் இவை எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அதிக உயிர் போனது, மெலிந்த வீடுகள் நெருக்கமாக நின்ற ஏழைக் கிராமங்களில். இதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

வீட்டில் இருந்தபடியே தப்புவது எப்படி? சுழற்காற்றானாலும் கோடைச் சூறையானாலும் விதி ஒன்றே. காற்று மனிதரைக் கொல்லுவது அபூர்வம். காற்று தூக்கி எறியும் பொருள்களே கொல்லுகின்றன. ஓடு, தகரம், ஷீட், கண்ணாடி, மரக்கிளை ஆகியவைதான் எதிரிகள். ஆகையால், அவற்றுக்கும் நமக்கும் இடையில் எத்தனை சுவர்களை வைக்கலாமோ அத்தனையும் வைக்க வேண்டும். கீழ்த்தளம், வீட்டின் நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத சிறிய அறை. குளியல் அறையாயினும் சரி, மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலையாயினும் சரி, கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. பெரிய கூடம் அழகாக இருக்கும். அதன் அகன்ற கூரைக்குச் சுவரின் தாங்கல் குறைவு. குனிந்து உட்கார்ந்து, தலையையும் கழுத்தையும் மெத்தையாலோ சாக்காலோ மூடிக்கொள்ள வேண்டும். ஓட்டு வீட்டைத் தவிர வேறு கதி இல்லையானால், கனமான கட்டிலுக்கோ மேஜைக்கோ அடியில் புகுவது உத்தமம்.

ஜன்னல்களைத் திறந்து வைத்தால் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாகி வீடு பிழைக்கும் என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் போதித்து வந்தார்கள். அது தவறென்று பிற்பாடு தெரிந்தது. காற்று கூரையின் மேலே ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. திறந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளினால், கூரை குடைபோல் கிளம்பிவிடும். ஜன்னல்கள், வெளிக்கதவுகள் எல்லாவற்றையும் சாத்த வேண்டும். உள் அறைகளின் கதவுகளையும் சாத்தி வைப்பது கூரையின் சிரமத்தை இன்னும் குறைக்கும். ஆனால், முகத்தில் தூசி அடிக்கத் தொடங்கிய பிறகு கண்ணாடி ஜன்னலண்டை போகலாகாது. காற்று ஓய்ந்ததும் வெளியே ஓடிவருவதும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியட்டும். அறுந்து கிடக்கும் கம்பியை, உயிர் இல்லாதது போல் தோன்றினாலும், ஒருவரும் நெருங்கக் கூடாது.

இவ்வளவும் யாருக்குப் பயன்படும்? கெட்டியான அறை ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்கு! "வீட்டிலேயே பத்திரமாக இருங்கள்" என்பது நல்ல உபதேசந்தான். ஆனால் அது ஒரு நல்ல வீட்டை முன்கூட்டியே அனுமானம் செய்துகொள்கிறது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, நம் கோவை ஜில்லாவில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் நடந்ததைக் கொங்கு நாட்டவர் மறந்திருக்க முடியாது. காற்றுக்கூட இல்லை, இரவெல்லாம் கனமழை. விடியுமுன், உயரமான ஒரு மதில் சுவர் இடிந்து பக்கத்திலிருந்த சிறு வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தூக்கத்திலேயே மாண்டார்கள். அவர்கள் வெளியே அலைந்து திரியவில்லை. எச்சரிக்கையை அலட்சியம் செய்யவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் பாயில், படுத்திருந்தார்கள்.

கடற்கரையில் இதற்கு ஒருவாறு வழி கண்டிருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரையேறிற்று. இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. உயிர்ச்சேதமும் இல்லாமற் போகவில்லை. ஆயினும், புயல் வருமுன்பே 80,000-க்கும் அதிகமான ஜனங்களைக் குடிசைகளிலிருந்தும் தாழ்வான இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தி, பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் தங்க வைத்திருந்தார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ! புயல் பல நாள் முன்னதாகவே தகவல் கொடுத்துவிட்டு வந்ததனால்தான் சர்க்காரால் அதைச் செய்ய முடிந்தது.

கோடைச் சூறை அந்த மாதிரி மரியாதை தெரிந்த விருந்தாளி அல்ல. இந்நாளில் வானிலை இலாகா, "அடுத்த 3 மணி நேரத்துக்கு இன்ன ஜில்லாவில் இடியுடன் பலத்த காற்று" என்று செல்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. மிகவும் உபயோகமான ஏற்பாடு. ஆனால் ஜில்லா என்பது பெரியது. எந்தக் கிராமம், எந்தத் தெரு என்பது மேகம் தலைக்குமேல் வந்த பிறகுதான் தெரியும். அப்புறம் நம் கையில் இருப்பது ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம். அதற்குள் தாசில்தார் வர முடியாது. தீயணைப்புப் படை வர முடியாது. பஸ் வைத்து ஜனங்களை முகாமுக்கு ஏற்றிச் செல்ல முடியாது. ஷீட் கூரையின் கீழ் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் எட்டக்கூடிய ஒரே முகாம், பக்கத்திலுள்ள கெட்டியான வீடுதான்.

பக்கத்து வீடு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். எத்தனை வீடுகளில் அந்த வாசற்படியைத் தாண்டுவது எளிது? நம் தேசத்தில் வாசற்படி என்பது ஒரு கல் மட்டுமா? எவ்வளவு தூரம் வரலாம், எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று எழுதாத சட்டங்கள் அந்தக் கல்லின் மேல் எத்தனையோ கிடக்கின்றன. ஜாதியால் சில, கூலியால் சில, வாடகையால் சில. வீட்டுக்காரர் கூப்பிட்டால்கூட, "இருக்கட்டுங்க" என்று ஒதுங்கி நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்டோம். அந்த ஒரு வார்த்தையில் ஒரு நிமிஷம் போகிறது. இரண்டாந்தரம் கூப்பிடுவதற்குள் இன்னொரு நிமிஷம். தயங்கித் தயங்கிப் படியேறுவதற்குள் மூன்றாவது நிமிஷம். ஐந்து நிமிஷ அவகாசத்தில் மூன்றைச் சங்கோசத்துக்குத் தானம் செய்துவிட்டால், மீதி இரண்டில் ஒரு கிழவியும் இரண்டு குழந்தைகளும் ஒரு சந்தைக் கடந்து வர முடியுமா?

ஆகையால், அழைப்பு என்பது காற்று வரும்போது கொடுக்க வேண்டியதல்ல. காற்று வருவதற்கு முன்பே கொடுத்து முடித்திருக்க வேண்டியது. நம் தாயாரின் குரலுக்கு அன்று பலன் கிடைத்ததற்குக் காரணம், அவர் எத்தனையோ வருஷங்களாக அதே பெண்ணைப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் பண்டிகைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியிருந்ததுதான். அந்தப் பழக்கம் இருந்தும் ஒரு "இருக்கட்டுங்க" வந்தது என்றால், பழக்கமே இல்லாத வீடுகளைப் பற்றி என்ன சொல்வது?

ஒவ்வொரு வருஷமும் பங்குனி பிறந்ததும் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. பணச் செலவு அதிகம் இல்லாதவை. வீட்டில் மிகவும் கெட்டியான அறை எது என்று குழந்தைகள் உட்பட எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். அதில் ஒரு கைவிளக்கும், ஒரு குடம் தண்ணீரும், சாக்கோ மெத்தையோ இரண்டும் இருக்கட்டும். கூரைக்கு மேல் சாய்ந்துள்ள காய்ந்த மட்டைகளையும் பட்ட கிளைகளையும் கழித்துவிடலாம். ஷீட் போட்ட வீடானால், மேலே கல் வைப்பதை விட்டு, சட்டத்தோடு கொக்கி ஆணிகளால் இறுக்கிப் பிணைக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அந்தச் சில நூறு ரூபாய்ச் செலவைக் குடியிருப்பவர் தலையில் போடாமலிருப்பது தருமம். ஆபத்தான மதில் இருந்தால், அது யாருடையதானாலும், ஊரார் சேர்ந்து கேட்பதில் பிழையில்லை. பள்ளிக்கூடத்துச் சாவி லீவு நாளில் யாரிடம் இருக்கிறது என்பதும் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் காரியம் எல்லாவற்றிலும் சுலபமானது. எல்லாவற்றிலும் அரியதும் அதுவே. உங்கள் வீட்டைச் சுற்றி ஓடோ ஷீட்டோ ஓலையோ போட்ட வீடுகள் எத்தனை என்று ஒரு மாலை வேளையில் நடந்துபோய் எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டாரிடம், வெயில் காயும் ஒரு சாதாரண தினத்தில், "காற்றடித்தால் கேட்க வேண்டாம், நேரே உள்ளே வந்துவிடுங்கள், அறை இன்ன இடத்தில் இருக்கிறது" என்று சொல்லி, அறையைக் காட்டியும் விடுங்கள். அவர்கள் சிரிக்கலாம், "எதுக்குங்க" என்று கேட்கலாம். கேட்கட்டும். ஒரு தரம் அந்தப் படியை ஏறி, அந்த அறையைக் கண்ணால் பார்த்துவிட்டவர்களுக்கு, மேகம் கறுக்கும் தினத்தில் யோசனை செய்து நிற்க வேண்டிய அவசியம் இராது. இந்த வருஷத்துக் கோடை மேகம் ஏறுமுன் ஆளுக்கு ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லி வைத்தோமானால், நம் சீமையில் பல குழந்தைகளின் பாய்கள் காலியாக இருக்கும்போதே கல் விழும்.